நிலம் கேட்கப் போன சிவப்புக் கார்

தவுவா,
22 அக்டோபர் 2000

ப்ரிஸ்பேன் மாநகரில் பழைய கார்களின் நசுங்கிய கன்னங்களைத் தட்டி நிமிர்த்தும் தொழிலில் பேரும் புகழும் பெற்று விளங்கும் என் தாய்மாமா ஜிதேந்திரா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் கிருஷிகா, வயது பதினாறு, இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் சரளா மாமியும் குழந்தை ஷமிதாவும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே அப்பா, அம்மா, தம்பி நிலேஷ், நான் என்று நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் முதல் வரியிலேயே பொய்யைச் செலவழித்துவிட்டால் பின்னால் தேவைப்படும்போது கையில் இருக்காது.

இதை நான் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். நீங்கள் தமிழ் படித்த அதே சங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடமிருந்து தப்பிக்கத் தமிழ் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அது இப்படிப் பயன்படுகிறது. அம்மாவுக்கும் நிலேஷுக்கும் ஹிந்தி. அப்பாவுக்குக் கோயில் பாட்டு காதால் தெரியும், கண்ணால் தெரியாது. அதனால் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். இப்போதுகூடக் கேட்டார்.

"என்னம்மா எழுதற, இவ்வளவு நேரமா?"

"கார் பத்தி மாமா கேட்டிருந்தாரே, அதான்."

"நாம நல்லா இருக்கோம்னு எழுது."

"முதல் வரியே அதுதான்ப்பா."

அவர் ஹிந்தியில்தான் கேட்டார். நான் தமிழாக்கித் தருகிறேன். கீழே வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே ஏற்பாடுதான்.

போன மாதம் நீங்கள் ஒரு பத்திரிகைத் துண்டை வெட்டி அனுப்பியிருந்தீர்கள். ஐம்பது வருஷமாகத் தரையோடு தரையாக ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமே செய்துவந்த ஒரு பெரிய கம்பெனி, இப்போது ஜீப் மாதிரி உயரமாக, குடும்பமே ஏறுகிற வண்டி செய்யப்போகிறதாம். அதற்கு நீங்கள் மூன்று பக்கம் கோபப்பட்டிருந்தீர்கள். அரேபியக் குதிரை வளர்க்கிறவன் எருமைப் பண்ணை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கினவள் நீ, உன் கருத்தை எழுது, அப்படியே என் கார் எப்படி இருக்கிறது என்றும் எழுது என்று முடித்திருந்தீர்கள்.

என் கருத்து: வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும். எருமை பால் கொடுக்கும்.

இதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. உங்கள் காரை வைத்தே நிரூபிக்கிறேன். போன வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி கார் திருடுபோய்விட்டது என்று தந்தி கொடுத்து, உங்களைப் பதறிப்போய் போன் பண்ண வைத்தது நான்தான். அந்த ஞாபகத்தில் இதையும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இதில் விளையாட்டே இல்லை. நானே தேடிப் பார்த்துவிட்டேன்.

1987 ஆட்சிக் கவிழ்ப்புக் கலாட்டாவில் நீங்கள் கிளம்பும்போது, வத்துகவுலா தங்கச் சுரங்கத்து வெள்ளைக்கார இஞ்சினியரிடம் வாங்கிய அந்தச் சிவப்பு டூ-சீட்டரை எங்கள் கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தி, "யாரும் ஓட்டக்கூடாது, மாதம் ஒருமுறை ஸ்டார்ட் மட்டும் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்போது எனக்கு மூன்று வயது. பத்து வயதில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வொரு மாதமும் "கார் சௌக்கியம்" என்று உங்களுக்கு எழுதினேன். டிக்கியில் கோழி அடைகாத்ததை எழுதவில்லை. பதினாலு வயதிலிருந்து வெட்டின கரும்பு வயலில் நான் அதை ஓட்டியதையும் எழுதவில்லை. இப்போது எழுதியாயிற்று.

இந்த வருஷம் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் புகுந்து மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இதை இங்கிலீஷில் 'கூ' என்கிறார்கள். குயில் கூவினால் வசந்தம் வரும். இது கூவினால் ஊரில் நம் இந்திய வம்சத்தில் பாதிப் பேர் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலுக்கு வருகிறார்கள். எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம், இப்போது பத்தொன்பது. ஜூலை மாதம் ஒரு மத்தியானம் முன்பின் தெரியாத ஆறு பேர் கத்தியோடு வந்தார்கள். அப்பாவின் பிக்கப்பை எடுத்துக்கொண்டார்கள், இரண்டு கறவை மாட்டை அதில் ஏற்றினார்கள், அம்மாவின் தையல் மிஷினையும் ஏற்றினார்கள். ஆட்சி கவிழ்ந்த அதே பருவத்தில் எங்கள் பிக்கப்பும் கவிழ்ந்தது. மறுநாள் பாலத்துக்குக் கீழே எரிந்து கிடந்தது. மாடுகள் கிடைக்கவில்லை. அம்மா அன்றிலிருந்து பின்வாசல் கதவைச் சாத்தினால் நாலு தடவை இழுத்துப் பார்க்கிறாள்.

அந்த ஆறு பேரும் உங்கள் காரையும் பார்த்தார்கள், மாமா. தார்ப்பாயை விலக்கினார்கள். ஒருவன் விசிலடித்தான். அப்புறம் யார் உட்காருவது என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. நாங்கள் நாலு பேரும் சுவரோடு சுவராக நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறு பேர், இரண்டு சீட். கடைசியில் மூத்தவன், "இது காரா, செருப்பா?" என்று சொல்லி டயரை உதைத்துவிட்டுப் போய்விட்டான். ஆகவே உங்கள் கட்சிக்கு நியாயமாக ஒரு மதிப்பெண் போடுகிறேன். ஜீப்பாக இருந்திருந்தால் அன்றே போயிருக்கும். ஆனால் ஒரு மதிப்பெண்தான். மீதியைக் கேளுங்கள்.

எங்கள் நிலத்துக் குத்தகை இந்த டிசம்பரோடு முடிகிறது. முப்பது வருஷப் பத்திரம். பத்திரம் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதிலுள்ள தேதிதான் எங்களை விட்டுப் போகிறது. புதுப்பிக்க மாட்டோம் என்று குத்தகை ஆபீஸிலிருந்து காகிதம் வந்துவிட்டது. இருந்தாலும் நிலத்துக்குச் சொந்தக்காரப் பூர்வகுடிக் குலத்தின் பெரியவர் இலைசா ஒரு வார்த்தை சொன்னால் ஆபீஸ் கேட்கும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். இலைசாவை உங்களுக்கும் தெரியும். தீபாவளிக்கு வந்து அம்மா செய்கிற முறுக்கை மடியில் கட்டிக்கொண்டு போவாரே, அவர்தான். ஆள் அனுப்பிக் கேட்டதில், போன சனிக்கிழமை பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு ஊர்க்கூடத்தில் எல்லாப் பெரியவர்களும் உட்காருவார்கள், வரலாம் என்று பதில் வந்தது. அன்றைக்கு விட்டால் அப்புறம் கூட்டம் ஜனவரியில்.

இப்படிப் போகிறதற்கு ஒரு முறை இருக்கிறது, உங்களுக்கே தெரியும். கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுபோய்ப் பாயில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கலாம். தொப்பி கூடாது, செருப்பு கூடாது, சத்தம் கூடாது. கேட்கப் போகிறவன் கேட்கப் போகிறவன் மாதிரி இருக்க வேண்டும். அப்பா மூன்று நாளாக மாட்டுக் கொட்டகையில் காலித் தொட்டி முன்னால் நின்று பேசிப் பழகினார். பழைய சட்டையில் நல்லதாக ஒன்றை, அதாவது நல்ல சட்டையில் பழையதாக ஒன்றை, அம்மா தேய்த்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பஸ் வரவில்லை. டிரைவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டானாம், அதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். இலைசாவின் மலையூருக்கு ஏழு மைல். மணி எட்டரை. அம்மாதான் சொன்னாள், "தம்பி கார் இருக்குதே."

"ஜிதேந்திரா ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அவன் ப்ரிஸ்பேன்ல இருந்து எட்டியா பாக்கப்போறான்?"

"ஓடுமா அது?"

நான் ஓடும் என்றேன். எப்படித் தெரியும் என்று அப்பா கேட்கவில்லை, பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு கடிதம் தனியாக எழுதலாம். ஸ்டார்ட்டரைச் சரியான இடத்தில் தட்டத் தெரிந்தவள் நான் என்பதால் நானும் கூடப் போனேன். அந்த ஊர்ப் பக்கத்திலேயே காரை நிறுத்திவிட்டுக் கடைசி அரை மைலை நடந்தே போய்விடுவது என்று பேச்சு. சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் போய் இறங்கி, ஐயா எனக்குப் பிழைக்க வழியில்லை என்று சொல்ல முடியாதல்லவா.

இனிமேல்தான் என் வாதம் ஆரம்பம். உங்கள் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அது ரேஸ் ரோட்டுக்குப் போதும். எங்கள் ரோட்டில் நாலு விரல் என்பது கொசு போகிற வழி. கரும்பு ரயில் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், வயிறு தண்டவாளத்தின் மேல் என்று கார் படுத்துவிட்டது. சக்கரங்கள் நாலும் மரியாதைக்குச் சுற்றின. அப்போது பார்த்து கரும்பு ரயில் வந்தது. நல்லவேளை, அது நம் பாட்டிமார் நடக்கிற வேகத்தில்தான் வரும். லோகோ ஓட்டுகிற தர்மேந்திரா தூரத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ராஜேந்திரா அண்ணே, தற்கொலைன்னா இவ்வளவு அழகான கார்லயா?"

"கூட்டத்துக்குப் போகணும்டா. நிலத்து விஷயம்."

தர்மேந்திரா சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டார். அவருடைய அண்ணன் நிலம் போன வருஷம் போயிற்று. சங்கிலியை எடுத்து, காரின் பின்னால் மாட்டி, லோகோவை ரிவர்ஸில் விட்டு இழுத்தார். சைலன்சர் தண்டவாளத்திலேயே தங்கிவிட்டது. பிறகு பக்கத்து வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த எட்டுப் பேர் கூடி, கல்யாண மாப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி காரை என்னோடு சேர்த்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். மணி பத்து ஐந்து.

சைலன்சர் இல்லாத கார் எப்படிச் சத்தம் போடும் என்பது பேனல் அடிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையூருக்குக் கீழே பேசி வைத்தபடி அப்பா நிறுத்தினார், இஞ்சினை அணைத்தார். நிறுத்திய இடம் சரிவு, ஹேண்ட் பிரேக் சும்மா அழகுக்கு. கார் பின்னால் ஆற்றுப் பக்கமாக நகர ஆரம்பித்தது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த இருபது பிள்ளைகள் எங்களைக் காப்பாற்ற ஓடிவந்து பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். நல்ல பிள்ளைகள், நிறுத்தத்தான் தெரியவில்லை. "போதும், போதும்" என்று அப்பா மூன்று பாஷையில் சொன்னார். அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே எங்களை மேடு ஏற்றி, ஊர் நடுப் புல்தரைக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இடதுபக்கம் முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுசாகத் திருப்பினால் ஹாரன் ஒட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். சொல்ல மறந்துவிட்டேன்.

நினைத்துப் பாருங்கள் மாமா. ஊர்க்கூடத்தில் பதினொரு பெரியவர்கள் பாயில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே ஹாரன் ஊளையிட, குழந்தைகள் பாட, சிவப்புக் கார் ஊர்வலமாக வந்து வாசலுக்கு நேரே நிற்கிறது. காருக்குள்ளே மடியில் வேர்க்கட்டோடு நான் மணப்பெண் மாதிரி. பேட்டரி ஒயரை நான் பிடுங்குகிற வரைக்கும் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றுமில்லை. அப்பா குனிந்து உள்ளே போனார். வேர்க்கட்டைப் பாயில் வைத்தார். அவர்கள் தொட்டு ஏற்றுக்கொண்டார்கள், குழித்த கையால் தட்டினார்கள், மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அப்பா மூன்று நாள் பழகிய பேச்சில் பாதியைச் சொன்னார். வெட்டின கட்டையிலிருந்து கரும்பு இன்னும் இரண்டு முறை தழைக்கும் என்றார். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். இலைசா கேட்டுக்கொண்டே வாசல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசுகிற ஹிந்தி எங்களுடையதைவிடச் சுத்தம்.

"ராஜேந்திரா, அந்தக் கார் உன்னுதா?"

அப்பா பொய் சொல்லக் கற்றவரில்லை. வீட்டில் அந்த வேலைக்கு நான் இருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் எனக்குப் பேச அனுமதி இல்லை.

"மச்சானுது. ப்ரிஸ்பேன்ல இருக்கான்."

"எப்ப போனான்?"

"எண்பத்தேழுல."

"பதிமூணு வருஷம்." இலைசா மெதுவாகச் சொன்னார். "ஆள் போயாச்சு. கார் என் நிலத்துல. இதுக்கு என்ன அர்த்தம்னு நான் எடுத்துக்கிறது, ராஜேந்திரா? உனக்கு ப்ரிஸ்பேன்ல ஒருத்தன் இருக்கான். எனக்கு எங்கேயும் ஒருத்தனும் இல்ல. என் பையன் ரெண்டு பேரும் சிகடோகா பக்கம் ஹோட்டல்ல வேலை பாத்தாங்க. சுவாவுல துப்பாக்கி வந்ததும் டூரிஸ்டு நின்னுட்டான், ஹோட்டல்ல இவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டான். அவங்க எந்த நிலத்துல நிக்கிறது? உன்னை நான் போன்னு சொல்லல. அவங்களை வராதேன்னு சொல்ல முடியல."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். சட்டைப் பையிலிருந்து உங்கள் கார்ச் சாவியை எடுத்தார். இரண்டு கையாலும் அதைப் பாயில் இலைசாவுக்கு முன்னால் வைத்தார். தன்னுடையதல்லாத பொருளை அப்பா கொடுத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

இலைசா சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், உண்மையாகவே யோசித்தார். பிறகு சாவியை அப்பா பக்கம் தள்ளி வைத்தார்.

"ரெண்டு பேர் உட்கார்ற வண்டி. எனக்குப் பேரப்பிள்ளைங்க பதினேழு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், ஸ்கூலுக்குப் போகணும், சர்ச்சுக்குப் போகணும். ஜீப்பா இருந்தா..."

தலையை ஆட்டிக்கொண்டார். கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

ஆகவே, மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அந்தக் கம்பெனி ஜீப் செய்வது நியாயமா என்று கேட்டீர்கள். முப்பது வருஷம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் தண்டவாளம் தாண்டியிருப்போம், நேரத்துக்குப் போயிருப்போம், அடக்கமாக நின்றிருப்போம், கடைசியில் பேரம் பேசவாவது கையில் ஒரு பொருள் இருந்திருக்கும். இரண்டு இருக்கை என்பது பணக்காரன் தனியாக இருக்க ஆசைப்பட்டுச் செய்தது. எங்களுக்கு இருப்பதோ இரு கை. குதிரைக்கு மரியாதை குறைந்துவிடும் என்கிறீர்கள். குறையட்டும் மாமா, மரியாதையை நாங்கள் அன்றைக்கு மொத்தமாகக் கண்டுவிட்டோம்.

கார் அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. புல்தரை ஓரத்தில் பிள்ளைகள் தள்ளி வைத்தார்கள். ஏழு மைலும் நடந்து வந்தோம். பாதி வழியில் அப்பா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "நல்லாத்தான் ஓட்டப் பழகியிருக்க" என்றார். திட்டியிருக்கலாம்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அப்பா கேட்க மாட்டார். நாம நல்லா இருக்கோம்னு எழுது என்பதுதான் அவர் சொன்னது. ஜூலையில் நீங்கள் போனில், முதலில் இரண்டு பேர் வாருங்கள், மற்ற இரண்டு பேரைப் பிறகு பார்க்கலாம் என்றீர்கள். இரண்டு என்பது உங்களுக்கு ராசியான எண் போலிருக்கிறது. வேண்டாம் மாமா. ஸ்பான்சர் காகிதத்தை நாலு பேருக்கும் ஒன்றாகப் போடுங்கள். டிசம்பருக்குள் வந்தால் நல்லது. குத்தகை என்ற சொல்லில் முதலில் வருவது குத்து. அது டிசம்பர் முப்பத்தொன்று அன்று விழும். உங்கள் கார் விஷயத்தில் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டையும் நாலு பேருக்குமான காகிதத்தோடு அதே கவரில் வைத்து அனுப்பினால் தபால் செலவு மிச்சம்.

சரளா மாமிக்கு என் வணக்கம். ஷமிதாவின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம். மூன்றாவது முத்தத்தை நேரில் வந்து தருகிறேன். உங்கள் கை சுத்தியலைப் பிடிக்கிற வரைக்கும் அங்கே கார்கள் முட்டிக்கொண்டே இருக்கட்டும், மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும் என்று அம்மனிடம் உங்களுக்காகத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் மகள்,
கார்ப் பொறுப்பிலிருந்து தானே விலகிக்கொண்ட
கிருஷிகா

பின்குறிப்பு, 31 அக்டோபர்: தபால் ஆபீஸ் ஒரு வாரமாகப் பாதி நாள்தான் திறக்கிறது, கடிதம் கிளம்பவில்லை. அதற்குள் கதை மாறிவிட்டது, மேலே கேட்டதை எல்லாம் அடித்துவிடுங்கள்.

சனிக்கிழமை இலைசா இரண்டு மகன்களோடு குதிரையில் வந்தார். மகன்களுக்குத் தட்டு ஏந்தத் தெரியும், துண்டை மடித்து அன்னம் செய்யத் தெரியும், கரும்பு தெரியாது. இரண்டு பருவம் கூட நின்று கற்றுக்கொடுக்க முடியுமா, அதுவரை வீட்டில் இருக்கலாம், கூலி உண்டு என்று கேட்டார். கேட்கும்போது அவர் ஒரு வேர்க்கட்டைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். அப்பா அதைத் தொட்டு எடுத்துக்கொண்டார். எங்கள் யாரையும் கேட்கவில்லை.

அம்மா மறுநாள் கேட்டாள், "உங்க நிலத்துல நீங்களே கூலிக்கா?"

"என் நிலம் எது? நீ பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போ. வெட்டு முடிஞ்சதும் வரேன்."

எந்த வருஷத்து வெட்டு என்று அம்மா கேட்டாள். அப்பா நிலேஷை மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னார். மாடு ஜூலையிலேயே போய்விட்டது. நிலேஷ் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றான்.

ஆகவே காகிதம் மூன்று பேருக்குப் போதும். ஜீப்பைப் பற்றிய என் கருத்தையும் வாபஸ் வாங்குகிறேன்; எத்தனை சீட் வைத்தால் என்ன, ஏறுகிறவர் ஏற வேண்டும். இன்னொன்று. எனக்கும் நிலேஷுக்கும் பதினெட்டு ஆகாததால், பிள்ளைகளை அனுப்ப எனக்குச் சம்மதம் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அதைக் கேட்டதும் அப்பா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். "மேல என்ன வேணுமோ நீயே எழுதிக்க, உனக்குத்தான் எழுத வருமே" என்றார். மூன்று நாளாக அந்தத் தாள் என் முன்னால் இருக்கிறது. இன்னும் ஒரு சொல்லும் எழுதவில்லை.